தெரிந்த கை நீட்டும் மொட்டைக் கடுதாசி

மும்பையின் தாராவியில் இன்று ஒரு தேதிக்கு இருக்கிற எடை வேறு எதற்கும் இல்லை. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக ஆதாரம் காட்டுகிறவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவரும் மாடி அறையில் இருப்பவரும் தாராவிக்கு வெளியே போக வேண்டும் என்பது மறுசீரமைப்புத் திட்டத்தின் விதி. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயரே மாறியது. வெளியே என்றால் எங்கே என்ற கேள்விக்கு முலுண்ட், காஞ்சூர்மார்க் உப்பளங்கள், செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேடு என்று பல இடங்களின் பெயர்கள் வந்தபடி இருக்கின்றன. இப்படிப்பட்ட காலத்தில் 'கணக்கெடுப்புக்கு நாளைதான் கடைசி நாள்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி வந்தால், தையல் மெஷினை நிறுத்திவிட்டு ரேஷன் கார்டையும் பழைய கரண்ட் பில்லையும் தேடிக்கொண்டு ஓட வேண்டும். 'கையெழுத்துப் போட்டால் வீடு போய்விடும்' என்று வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு வரலாம். அனுப்புகிறவர் விரோதியாக இருக்க மாட்டார். பக்கத்துச் சாலில் குடியிருக்கும் அண்ணனாகவோ ஊர்ச் சங்கத்துக்காரராகவோ பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவராகவோதான் இருப்பார். நமக்குத் தெரிந்தது அவரைத்தான். அவர் அனுப்பிய வரியை யார் எழுதினார்கள் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

தமிழில் இதற்கு மிகப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: மொட்டைக் கடுதாசி. எழுதியவர் பெயரோ தேதியோ ஊரோ இல்லாமல் தபாலில் வரும் கடிதத்தை நம் வீடுகளில் யாரும் மதித்ததில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும்போது பெண்ணைப் பற்றியோ பையனைப் பற்றியோ ஒரு மொட்டைக் கடுதாசி வந்தால், அதில் உள்ளது உண்மையா என்று பார்ப்பதற்கு முன்பே, பெயர் போடத் துணியாதவன் பேச்சு என்று பெரியவர்கள் அதைத் தள்ளி வைத்தார்கள். இன்று கைபேசியில் பார்வர்டாக வருவதில் பெரும்பகுதி அதே மொட்டைக் கடுதாசிதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: அன்று அதை முகம் தெரியாத தபால்காரர் கொண்டுவந்தார், இன்று நாம் நம்புகிற மனிதர் கையில் கொடுக்கிறார். கடிதத்துக்கு இல்லாத நம்பகத்தைக் கொண்டுவந்த கை கொடுத்துவிடுகிறது. ஆகவே நான் கேட்பது சிறிய விஷயம். நண்பருக்கு ஒரு செய்தியை அனுப்பும் யாரும் அதோடு சொந்தமாக ஒரு வரி எழுத வேண்டும். எங்கே பார்த்தேன், எப்போது வந்தது, உனக்கு ஏன் அனுப்புகிறேன் என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். அந்த வரியை எழுத முடியாவிட்டால் அதை அனுப்பாமல் இருப்பதே நல்லது.

பகிர்வது தவறு என்று நான் சொல்லவில்லை. தமிழர்கள் பத்திரிகை படிக்கப் பழகியதே பகிர்ந்துதான். 1942-இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, வாங்கியவர்களைவிடக் கேட்டவர்களால் வளர்ந்தது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாத நால்வர் கேட்டு, ஐந்தாவது ஆள் மறுத்துப் பேசினார். கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து, முதல் பக்கத்தில் தம் பெயரை எழுதி, படித்துவிட்டுத் திருப்பித் தருவாரா என்று ஆள் பார்த்துக் கொடுத்த வீடுகள் எத்தனையோ. மும்பை லோக்கல் ரயிலில் ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பதும் இந்த வகைதான். இந்தப் பகிர்வுகளில் இரண்டு குணங்கள் இருந்தன. கொடுத்தவருக்கு வாங்குகிறவர் யாரென்று தெரியும். இந்தக் கதை இவருக்குப் பிடிக்கும், இந்தச் செய்தி அவர் தொழிலுக்கு உதவும் என்று நினைத்துத்தான் கொடுத்தார். வாங்கியவர் திரும்பக் கேள்வி கேட்டால் கொடுத்தவர் பதில் சொல்லக்கூடிய தூரத்திலேயே இருந்தார். டீக்கடையில் உரக்க வாசித்தவர் தப்பாக வாசித்தால் அந்த பெஞ்சிலேயே மாட்டிக்கொள்வார். கைபேசி தூரத்தைக் குறைத்தது, செலவைக் குறைத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்த இரண்டு குணங்களையும் கூடவே உதிர்த்துவிட்டது. இருநூறு பேர் இருக்கும் குரூப்பில் போடும்போது யாருக்காகப் போடுகிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை.

படிக்காமலே அனுப்புகிறோம் என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளில் 59 சதவீதத்தை ஒருவர்கூடத் திறந்து பார்த்திருக்கவில்லை. 2024-இல் நேச்சர் குழுமத்தின் ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரை, மூன்றரைக் கோடி ஃபேஸ்புக் பதிவுகளை அலசி, பகிர்வுகளில் சுமார் 75 சதவீதம் உள்ளே போய்ப் படிக்காமல் நடந்தவை என்றது. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, 2018-இல் சயின்ஸ் இதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எழுதியது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்திகளைப் பின்தொடர்ந்தவர்கள், பொய்ச்செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு மெய்ச்செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அதற்குத் தானியங்கிக் கணக்குகள் காரணமில்லை, மனிதர்கள்தான் காரணம் என்றும் சொன்னார்கள். பொய் புதிதாக இருக்கிறது, ஆச்சரியப்படுத்துகிறது. நண்பரை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற ஆசை நல்ல மனத்திலிருந்துதான் வருகிறது. அந்த நல்ல மனத்தின் மேலேறித்தான் பொய் பயணம் செய்கிறது.

படிக்காமல் அனுப்பினேன் என்ற சமாதானம் எதுவரை செல்லும் என்பதைத் தமிழ்நாட்டின் நீதிமன்றங்கள் பார்த்துவிட்டன. நடிகரும் அரசியல்வாதியுமான எஸ்.வி. சேகர் 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைத் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அந்த மே மாதம் முன்ஜாமீன் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியை அனுப்புவது அதை ஏற்றுக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்றது. வழக்கை ரத்து செய்ய 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அந்தப் பதிவு பல பெண்களின் உழைப்பையும் மானத்தையும் ஒரே வீச்சில் கேவலப்படுத்தியது. எழுதியவருக்கும் பரப்பியவருக்கும் நடுவே அந்தப் பெண்கள் எந்த வித்தியாசத்தைக் கண்டிருக்க முடியும்? எஸ்.வி. சேகர் பெயர் பெற்ற மனிதர் என்பதால்தான் பதிவு அவ்வளவு பேரைச் சென்றடைந்தது. நம் ஒவ்வொருவருக்கும், நம் வட்டத்துக்குள், அந்த அளவு பெயர் இருக்கத்தான் செய்கிறது.

மொட்டைக் கடுதாசி உயிரை வாங்கிய நாட்களும் மும்பைக்குத் தூரத்தில் இல்லை. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போய், பின்பு திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டினார்கள். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயில் தேடி வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாவை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில், பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாத்பந்தி தவரி கோசாவி என்ற நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் சந்தை நாளில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2020 ஏப்ரல் 16 இரவு, மும்பையிலிருந்து கிளம்பிய இரண்டு சாதுக்களும் அவர்களுடைய கார் ஓட்டுநரும் பால்கர் மாவட்டம் கட்சிஞ்சலேயில் அதே வகை வதந்திக்குப் பலியானார்கள்; பிணம் ஆறுவதற்குள் அந்தக் கொலைக்கே மதச்சாயம் பூசி இன்னொரு சுற்று பார்வர்டுகள் கிளம்பின. அடித்தவர்களைச் சட்டம் தேடிப் பிடித்தது. உங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அக்கறையோடு அந்த வீடியோவை அனுப்பிவைத்த ஆயிரமாயிரம் அத்தைகளுக்கும் மாமாக்களுக்கும் தாங்கள் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி என்பதே தெரிந்திருக்காது.

இங்கே ஒரு வாதம் எழும்: பொய்யைத்தானே தடுக்க வேண்டும், உண்மைதானா என்று சரிபார்த்தால் போதாதா? போதாது. மும்பையின் வரலாறே அதற்குச் சாட்சி. 2020 ஏப்ரல் 14 அன்று ஊரடங்கு மே 3 வரை நீட்டிக்கப்பட்டது. அன்று பிற்பகல் பாந்த்ரா ரயில் நிலையத்துக்கு வெளியே வெளிமாநிலத் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு, ஊருக்குப் போக வேண்டும் என்றார்கள். அன்று காலை ஒரு மராத்திச் செய்தித் தொலைக்காட்சி, சிறப்பு ரயில்கள் விடப்படலாம் என்று சொல்லியிருந்தது. அதற்கு ஆதாரமான ரயில்வே கடிதம் போலி இல்லை; துறைக்குள் சுற்றிய ஒரு யோசனையே தவிர முடிவு இல்லை, அவ்வளவுதான். கூலியும் சோறும் நின்றுபோயிருந்த மக்களின் கைக்கு வந்தபோது அதில் 'யோசனை' என்ற சொல் உதிர்ந்திருந்தது. சரிபார்ப்பவர் பார்த்திருந்தால் கடிதம் உண்மை என்றே சொல்லியிருப்பார். யார் எழுதியது, எந்த நாளில், யாருக்கு என்ற மூன்று கேள்விகள்தான் அங்கே காப்பாற்றியிருக்கும்.

இதைவிடப் பழைய உதாரணம் ஒன்று மும்பைத் தமிழர்களின் சொந்த நினைவில் இருக்கிறது. பால் தாக்கரே 1960-இல் தொடங்கிய மார்மிக் வார இதழ், அந்தப் பத்தாண்டின் நடுவில் நகரத்து நிறுவனங்களில் பொறுப்பில் இருந்தவர்களின் பெயர்களைத் தொலைபேசி டைரக்டரி போன்றவற்றிலிருந்து எடுத்துப் பட்டியலாக வெளியிட்டது. பெரும்பாலும் தென்னிந்தியப் பெயர்கள். 'வாசா ஆணி தண்ட பசா', அதாவது படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்பது அதன் தலைப்பு; பிறகு அது படித்துவிட்டு எழுந்திருங்கள் என்று மாறியது. 1966 ஜூன் 19-இல் அவர் தலைமையில் சிவசேனை பிறந்தது. அந்தப் பட்டியலில் இருந்தவை டைரக்டரியில் யாரும் பார்க்கக்கூடிய பெயர்கள்தாம். ஆனால் மாட்டுங்கா உடுப்பி ஓட்டல்காரர்களும், செம்பூர்க் குமாஸ்தாக்களும், தாராவித் தோல் தொழிலாளர்களும் அதன் விளைவைத் தெருவில் சந்தித்தார்கள். எது சொல்லப்படுகிறது என்பதோடு எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? அதனால்தான் 2023 மார்ச்சில் நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று, வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளின் வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள். திருப்பூரிலும் கோவையிலும் இருந்தவர்கள் பயந்தார்கள். தமிழக டி.ஜி.பி. மறுப்பு வெளியிட்டார், பீகார் அரசு நேரில் பார்த்துவர ஒரு குழுவை அனுப்பியது. அன்று மும்பையில் நாம் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். பிழைக்க வந்தவனைப் பற்றி எழுதியவர் பெயர் இல்லாத ஒரு வரி என்ன செய்யும் என்று நாம் அறிவோம். ஆகவே அப்படி ஒரு வரி நம் கை வழியாகப் போகக் கூடாது.

இதையெல்லாம் வாட்ஸ்அப் நிறுவனமும் அரசும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அடுத்த மறுப்பு. நிறுவனம் செய்யக்கூடியது இருக்கிறது, செய்தபோது பலனும் இருந்தது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப், கைமாறி வந்த செய்தி என்ற குறியைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பல கை மாறிய செய்தியை ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றதும், அப்படிப்பட்ட செய்திகளின் எண்ணிக்கை 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. இன்னும் இறுக்கினாலும் நான் வரவேற்பேன். ஆனால் எத்தனை முறை கைமாறியது என்பதை எண்ணத் தெரிந்த இயந்திரத்துக்கு, அதை ஏன் எனக்கு அனுப்பினாய் என்று கேட்கத் தெரியாது. சட்டத்தின் கதையோ அச்சம் தருவது. 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை மூடப்பட்டதைக் குறித்து பால்கர்ப் பெண் ஒருவர் ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதினார். அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். இருவரையும் போலீஸ் கைது செய்தது. அந்த வழக்கில் கிளம்பிய கோபம்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போய், 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு ரத்தாகக் காரணமானது. எது பொய் என்று தானே தீர்மானிக்க மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த உண்மை சரிபார்ப்புப் பிரிவையும் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என்றது. இரண்டு தீர்ப்புகளும் சரியானவை என்பதே என் கருத்து. நாக்கின் மேல் போலீஸை உட்கார வைப்பதைவிட, அனுப்புகிறவரே தம் பெயரைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் வருவது எவ்வளவோ மேல்.

கடினமான மறுப்பு வேறு ஒன்று. பெரிய பத்திரிகைகள் தாராவியைப் படம் எடுக்க மட்டுமே வரும்; எங்கள் தெருவின் குழாய்த் தண்ணீர், எங்கள் சாலின் கணக்கெடுப்பு இவற்றைப் பற்றி எங்களுக்கு நாங்களேதான் பத்திரிகை; நாள் முழுக்கத் தோல் வெட்டுகிறவரிடம் போய் மூலத்தைத் தேடு, ஆவணத்தைப் பார் என்று சொல்வது வயிறு நிறைந்தவர்கள் பேச்சு என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வதில் பெரும்பகுதி நியாயம். அதனால்தான் நான் யாரையும் ஆராய்ச்சி செய்யச் சொல்லவில்லை. 'நேற்று சாயங்காலம் 90 அடி ரோட்டுக் கூட்டத்தில் கேட்டது, நான் விசாரிக்கவில்லை' என்பதும் முழுமையான ஒரு வரிதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஆவணம் தேவையில்லை. உழைக்கும் மக்களுக்கு இது கூடாத காரியம் என்பதும் சரியில்லை. 1970-லும் 1984-லும் கலவரத்தில் எரிந்த பிவண்டி விசைத்தறி ஊரில், போலீஸ் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோபடே மொஹல்லாக் கமிட்டிகளை உருவாக்கினார். இரு மதத்தாரும் தெருத்தெருவாக உட்கார்ந்து, கேள்விப்பட்டதை நேருக்கு நேர் கேட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். 1992-93-இல் மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. அதன்பின் அந்த முறை மும்பைக்கும் வந்தது. தாராவியில் பாவு கோர்டேயும் வக்கார் கானும் நான்கு மதத்து உடையில் நான்கு குழந்தைகளை நிறுத்தி எடுத்த 'ஹம் சப் ஏக் ஹைன்' சுவரொட்டி நகரெங்கும் போனது. நெசவாளியும் தையல்காரரும்தான் அந்தக் கமிட்டிகளில் இருந்தார்கள். வதந்தியை அவர்கள் அடக்கியது, சொன்னவன் யார் என்று பெயர் கேட்டுத்தான்.

வீட்டுக் குரூப்பில் பெரியப்பா போட்டதை எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்களின் சிக்கல் எனக்குப் புரிகிறது. எல்லார் முன்னிலும் 'இது பொய்' என்று ஒரு சரிபார்ப்பு இணைப்பைத் தூக்கிப் போடுவது மரியாதையும் இல்லை, பலனும் இல்லை. அவர் அடுத்த நாளும் அனுப்புவார், இன்னும் கொஞ்சம் வீம்போடு. தனியாக எழுதி, 'பெரியப்பா, இது எந்தப் பேப்பரில் வந்தது, படிக்க ஆசையாக இருக்கிறது' என்று கேட்டால் அவரே தேடத் தொடங்குவார். தேடும்போது கிடைக்காதது அவருக்கே தெரியும். கனடா, அமெரிக்க ஆய்வாளர்கள் 2021-இல் நேச்சர் இதழில் காட்டியதும் இதுவே: ஒரு தலைப்பு சரியா என்று மனிதரை ஒரு நொடி யோசிக்க வைத்தால் போதும், அடுத்து அவர் பகிர்பவற்றின் தரம் உயர்கிறது. பெரும்பாலானோர் பொய்யை விரும்பவில்லை, கவனிக்கவில்லை. காலை வணக்கமும் பூப்படமும் அனுப்புகிறவர்கள் 'நினைத்துக்கொண்டேன்' என்று சொல்வதற்காகவே அனுப்புகிறார்கள். அந்த அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்த சமூகத்துக்கு அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் நினைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்லவே சொந்த வரி வேண்டும். ஒரு விண்வெளிச் செய்தியை அப்படியே தள்ளிவிடுவதற்கும், 'உன் பெண் வானவியல் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாளே, அவளுக்கு' என்று எழுதி அனுப்புவதற்கும் உள்ள தூரம், துண்டுச் சீட்டுக்கும் கடிதத்துக்கும் உள்ள தூரம்.

தாராவிக்கே திரும்புவோம். மாடி அறையில் இருப்பவர்களைப் பற்றி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே பத்து குரூப்புக்குத் தள்ளாமல், மேல்மாடியில் இருக்கும் ஒரு தோழிக்கு மட்டும் ஒருத்தி இப்படி எழுதலாம்: 'அக்கா, இன்றைக்குத் தினத்தந்தி மும்பைப் பதிப்பில் வந்தது, படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். மாடிக்காரர்களுக்கு வாடகை வீடு என்று போட்டிருக்கிறது, எந்த இடம் என்று போடவில்லை. உங்களுக்குப் பொருந்துமா தெரியவில்லை, நான் ஆபீசில் விசாரிக்கவில்லை. நாளைக்குப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.'